ஆறாவது வருஷம் என்ன ஆகும்?

ஆபீஸில் ஆணி பிடுங்கியே ஆறு மாதம் ஓடிவிட்டது. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு சண்டை. என் பள்ளிக்கூட சிநேகிதர்களோடு. விஷயம், வேறென்ன, பணம்தான்.

எங்கள் 1996 எஸ்.எஸ்.எல்.சி. செட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எல்லோரும் கோலார் தங்கவயலில் ஒரே அரசுப் பள்ளியில் படித்தவர்கள். இன்று பெங்களூர், ஓசூர், துபாய், மஸ்கட் என்று சிதறிக் கிடக்கிறோம். நான் லண்டன் பக்கம். படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யணும் என்று போன வருடம் பணம் சேர்த்தோம். 1,80,000 ரூபாய் தேறியது. "பேங்க்காரன் கையில இருக்கட்டும்" என்று என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். ஒரு பெரிய ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருவது, ஓரத்தில் "1996 செட் மாணவர்கள் அன்பளிப்பு" என்று ஒரு பலகை மாட்டுவது என்று ஏகமனதாக முடிவும் ஆயிற்று.

நான் இன்னும் செக் கொடுக்கவில்லை. அதுதான் சண்டை. "இவன் என்னடா, லோன் அப்ளிகேஷன் பாக்கற மாதிரி பாக்கறான்?" என்று ஒருத்தன் வாய்ஸ் மெசேஜில் திட்டினான். சரியாகச் சொன்னான். அப்படித்தான் பார்த்தேன். அதன் விளக்கம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கல்வியாளர் இல்லை. பி.காம். படித்துவிட்டு ஊரில் பல வருடம் ஒரு வங்கியின் லோன் மேஜையில் உட்கார்ந்தவன். இங்கேயும் அதே பிழைப்புதான். கம்ப்யூட்டரில் பாடம் நடத்துவது நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு டெக்னாலஜி வாங்க அரசாங்கம் கொடுக்கும் மானியம் எந்த வழியாகப் போகிறது, எங்கே போய் நிற்கிறது என்பது மட்டும்தான் என் கவலை.

போன டிசம்பரில் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் பெரியம்மா மகள், அக்கா, அதே பள்ளியில்தான் டீச்சர். தமிழ் மீடியம் செக்ஷன் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது, பிள்ளைகள் வருடா வருடம் குறைந்தாலும். (பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வேலை பார்க்கிறவர்களுக்கு வீண் தொந்தரவு.)

"நீங்க வாங்கித் தரப்போற போர்டை எங்க மாட்டறதுன்னு நீயே வந்து பாத்துட்டுப் போடா" என்றாள் அக்கா. போனேன். கைப்பையிலிருந்து சாவி எடுத்து கம்ப்யூட்டர் ரூமைத் திறந்தாள். வாசலில் "செருப்பை வெளியே விடவும்" என்று கன்னடத்தில் ஒரு போர்டு. உள்ளே வரிசையாகப் பத்து கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் தைத்த துணி உறை. ஒரு தூசி இல்லை. பாதி ரூமில் பாடப்புத்தகக் கட்டு. மூலையில் யு.பி.எஸ்., அதன் பேட்டரிகள் வயிறு வீங்கிக் கிடந்தன. ஒரு மெஷினைப் போடச் சொன்னேன். போட்டால் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. அந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கை கழுவிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும்.

"பசங்க கடைசியா எப்போ இதத் தொட்டாங்க?" என்று கேட்டேன்.

"கம்பெனி ஆளு இருந்த வரைக்கும் தொட்டாங்க. அந்தப் பையன் போனான், நாங்க பூட்டிட்டோம்."

இந்த ஒரு பதிலில் இந்தியாவின் நாற்பது வருடக் கதை அடங்கியிருக்கிறது என்பது ஊர் திரும்பிய பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது.

மத்திய அரசு பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் கொடுக்க ஆரம்பித்தது 1984-85ல். 'கிளாஸ்' என்று சுருக்கமாகச் சொன்ன திட்டம். சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் மெஷினை இறக்கினார்கள். (நான் இப்போது குடியிருக்கும் நாட்டுச் சரக்கு.) அது தேய்ந்து முடிந்து, 2004 டிசம்பரில் ஐ.சி.டி. அட் ஸ்கூல்ஸ் என்ற பெரிய திட்டம் வந்தது. 2010ல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின் கணக்கு இது: ஒரு பள்ளிக்கு ஒரே தடவை 6.40 லட்சம், அதற்கு மேல் வருடம் 2.70 லட்சம், ஐந்து வருடத்துக்கு. மத்திய அரசு 75 பங்கு, மாநிலம் 25 பங்கு. 2018ல் இதெல்லாம் சமக்ர சிக்ஷா என்ற ஒரே குடைக்குள் போனது. அங்கே ஒரு தடவைக்கான மானியம் அதே 6.40 லட்சம், வருடச் செலவு மட்டும் 2.40 லட்சம். அதுவும் ஐந்து வருடத்துக்கு.

கூட்டிப் பாருங்கள். 2010 கணக்கில் ஒரு பள்ளிக்கு ஐந்து வருடத்தில் 19.90 லட்சம். அதில் மெஷினுக்குப் போவது மூன்றில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் ஓட்டுவதற்கு. ஆகவே "அரசாங்கம் பொட்டியை இறக்கிவிட்டு ஓடிவிட்டது" என்று நாம் டீக்கடையில் சொல்வது நியாயமில்லை. திட்டம் போட்டவர் யாரோ விவரமானவர். ஓட்டுகிற செலவையும் யோசித்திருக்கிறார்.

பிறகு எங்கே இடிக்கிறது? இரண்டு இடத்தில். ஒன்று, அந்த ஓட்டுகிற பணம் யார் கைக்குப் போனது என்பதில். இரண்டு, ஆறாவது வருடத்தில்.

கர்நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். 2001 வாக்கில் மாஹிதி சிந்து என்று ஒரு திட்டம். சுமார் ஆயிரம் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் தனியார் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்து லேப் வைத்துப் பாடம் நடத்தின. அடுத்து வந்த மத்தியத் திட்டத்திலும் பல மாநிலங்கள், கர்நாடகம் உட்பட, 'பூட்' என்ற முறையைப் பிடித்துக்கொண்டன. கட்டு, சொந்தமாக வைத்திரு, நடத்து, கடைசியில் ஒப்படை. கம்பெனியே மெஷின் கொண்டுவரும், ஆள் போடும், அரசு தவணை தவணையாகப் பணம் கட்டும், ஐந்து வருடம் முடிந்ததும் மெஷின் பள்ளிக்குச் சொந்தம்.

ரோடு போடுவதற்கு இந்த முறை பொருந்தலாம். ஒப்படைக்கும்போது ரோடு அங்கேயே இருக்கும். கம்ப்யூட்டர்? பி.காம். முதல் வருடத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குப் பல வருடம் 60 சதவீதத் தேய்மானம் இருந்தது. 2017ல்தான் 40 ஆயிற்று. நூறு ரூபாய்க் கம்ப்யூட்டரை வருடம் 60 சதவீதம் கழித்துக்கொண்டே போனால் ஐந்தாம் வருட முடிவில் புத்தகத்தில் நிற்பது 1 ரூபாய் 2 காசு. 40 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 7 ரூபாய் 78 காசு. அதாவது ஒரே அரசாங்கத்தின் வருமான வரித் துறை "இது தீர்ந்துவிட்டது" என்று எழுதும் வருடத்தில், கல்வித் துறை "இனி இது உன் சொத்து" என்று பள்ளியிடம் கொடுக்கிறது. கூடவே ஆளையும் அழைத்துப் போய்விடுகிறது, வருடப் பணத்தையும் நிறுத்திவிடுகிறது.

லோன் மேஜையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. டெர்ம் லோன் கொடுத்துவிட்டு வொர்க்கிங் கேபிடலைப் பிடுங்கிக்கொள்வது. மெஷின் வாங்கப் பணம் இருக்கும், மூலப்பொருளும் கூலியும் வாங்கப் பணம் இருக்காது. அப்படி நின்றுபோன சின்னத் தொழிற்சாலைகளை வசூலுக்குப் போன இடத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மெஷின் பளபளவென்று இருக்கும். அக்காவின் கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழைந்தவுடன் எனக்கு வந்த நினைப்பு அதுதான்.

ஆறாவது வருடம் பள்ளி எந்தப் பணத்தில் பேட்டரி மாற்றும்? சமக்ர சிக்ஷாவில் பள்ளிக்கு வருடம் ஒரு பொது மானியம் உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி. நூறு பிள்ளை வரை உள்ள பள்ளி என்றால் 25,000 ரூபாய். (முப்பதுக்குள் என்றால் 10,000.) அதில் பத்து சதவீதமாவது சுத்தம் சுகாதாரத்துக்கு என்று விதி. மிச்சத்தில் சாக்பீஸ், கரண்ட் பில், ஒழுகும் குழாய், உடைந்த நாற்காலி எல்லாம். அக்கா பள்ளியில் யு.பி.எஸ். பேட்டரிகளை மாற்ற ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்தேன். 36,000 ரூபாய். அவ்வளவுதான் கதை.

சரி, ஆள் இல்லை, பேட்டரி இல்லை. ஆனாலும் கரண்ட் இருக்கும் நேரத்தில் டீச்சர்களே பிள்ளைகளை உட்கார வைக்கலாமே? அக்காவிடம் கேட்டேன். சிரித்தாள். "நீ பேங்க்ல கேஷ் சாவி வச்சிருந்தவன்தானே. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

டெட் ஸ்டாக் ரெஜிஸ்டரில் பத்து மானிட்டர், பத்து கீபோர்டு, பத்து மவுஸ் என்று அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். ஒரு மவுஸ் காணாமல் போனாலும் ஆடிட்டில் கேள்வி. அந்த வயதில் நோ டியூ சர்டிபிகேட்டுக்கு யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள். பிள்ளைகள் தொட்டால் உடையும், உடைந்தால் அக்கா தலை உருளும். தொடாமல் எட்டு வருடம் பூட்டி வைத்துப் பாழானால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அப்புறம் சாவி கைப்பையில் இருக்காமல் எங்கே இருக்கும்?

அக்கா செய்தது முழுக்க முழுக்க புத்திசாலித்தனமான காரியம். முட்டாள்தனம் விதியில் இருக்கிறது. வங்கியில் கோடிக்கணக்கில் கடன் வாராக்கடன் ஆனால் புரொவிஷன் போட்டு, ரைட் ஆஃப் பண்ணி, மேலே நடக்கிறோம். பள்ளிக்கூடத்தில் முந்நூறு ரூபாய் மவுஸை ரைட் ஆஃப் பண்ணப் பத்து கையெழுத்து வேண்டும். :-)

இதற்கெல்லாம் "டீச்சர்களுக்கு அக்கறை இல்லை, பிள்ளைகளுக்குத் தலையில் ஏறாது" என்று ஒரு கூட்டம் காரணம் சொல்லும். அவர்களுக்காக ஒரு உண்மைக் கதை. 2000ல் குஜராத் அரசு வடோதரா நகரில் மாநகராட்சி ஆரம்பப் பள்ளிகள் நூறுக்குத் தலா நான்கு கம்ப்யூட்டர் கொடுத்தது. இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் மிகச் சில பள்ளிகளில்தான் அவை உபயோகத்தில் இருந்தன. அப்போது பிரதம் என்ற தொண்டு நிறுவனம் உள்ளே வந்தது. அந்தந்தப் பகுதி ஆட்களையே எடுத்து, ஐந்து நாள் பயிற்சி கொடுத்து, நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டு போட வைத்தது. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பிள்ளை, வாரத்துக்கு இரண்டே மணி நேரம். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் (2019ல் நோபல் வாங்கினார்களே, அவர்கள்தான்) சக ஆய்வாளர்களோடு இதை அளந்து 2007ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கணக்கில் பிள்ளைகள் கணிசமாக முன்னேறியிருந்தார்கள். பூட்டிக் கிடந்த அதே மெஷின்கள்தான். நடுவில் வந்தது ஒரு ஆளும் ஒரு டைம்டேபிளும்.

நேர்மையாக அந்தக் கட்டுரையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். அதே ஊர்ப் பள்ளிகளில் கம்ப்யூட்டரே இல்லாமல், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தர ஒரு இளம்பெண்ணை நியமித்த திட்டமும் நடந்தது. செலவழித்த ரூபாய்க்குப் பலன் என்று பார்த்தால் அதுதான் பல மடங்கு மேல். ஆக இரண்டிலும் வேலை செய்தது ஆள்தான். இன்னொரு பக்கம் பெரு நாட்டில் லட்சக்கணக்கில் லேப்டாப் வாங்கிக் குழந்தைகளிடம் கொடுத்தார்கள். 319 கிராமப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012ல் வந்தது. கணக்கிலும் மொழிப் பாடத்திலும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று முடிவு.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். எங்கள் ஊர் டெக்னாலஜியைப் பார்த்து மிரளும் ஊர் இல்லை. 1902ல் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்து, சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்குக் கரண்ட் வந்தது 1905ல்தான். நாங்கள் சீனியர்! தரைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் வேலை பார்த்த ஜனங்கள். பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். லைன் வீட்டில் பிறந்து பெரிய பெரிய மெஷினை விரல் நுனியில் ஓட்டியவர்கள்.

என் அப்பா மைன்ஸில் பம்ப் ஆபரேட்டர். தங்கம் எடுக்கிறவன் ஒரு பக்கம், தண்ணீர் எடுக்கிறவன் ஒரு பக்கம் என்பார். ராத்திரி பகல், தீபாவளி, கிறிஸ்துமஸ் எதற்கும் பம்ப் நிற்கக் கூடாது. பம்ப் தங்கம் எடுக்காது, அதற்கு யாரும் மாலை போட மாட்டார்கள், ஆனால் அது நின்றால் சுரங்கம் கிடையாது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸை மூடினார்கள். பம்ப் நின்றது. ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. நான் பி.காம். முடித்த வருடங்கள் அவை. அந்த ஊரிலிருந்து வந்த எனக்கு, மெஷின் வாங்குவது ஒரு நாள் வேலை, மெஷினை ஓட்டுவது தினசரி வேலை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசாங்கத்துக்கும் இது தெரியாததில்லை. மதிய உணவைப் பாருங்கள். தமிழ்நாட்டில் காமராஜர் காலத்திலிருந்து, கர்நாடகத்தில் 2002லிருந்து அட்சர தாசோகம். அங்கே "ஒரு பள்ளிக்கு இத்தனை அண்டா, ஐந்து வருடத்துக்கு அரிசி, அப்புறம் உன் பாடு" என்று யாராவது திட்டம் போடுவார்களா? பிள்ளைத் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கு. சமைக்கிற அம்மாவுக்கு மாதச் சம்பளம், குறைச்சலாக இருந்தாலும். அண்டா ஓட்டையானால் வேறு அண்டா. குறைகள் எத்தனையோ உண்டு, ஆனாலும் மத்தியானம் சோறு வருகிறது. கம்ப்யூட்டரை மட்டும் கட்டிடம் மாதிரி நினைத்துக்கொண்டு ரிப்பன் வெட்டுகிறோம்.

மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்து வீடு கேரளம். அங்கே 2001ல் ஐ.டி. அட் ஸ்கூல் ஆரம்பித்தார்கள். வெளிக் கம்பெனியிடம் விடாமல் பள்ளி ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கினார்கள், இலவச மென்பொருளுக்கு மாறினார்கள். 2017ல் அதுவே 'கைட்' என்ற அரசு நிறுவனம் ஆனது. ஹைடெக் வகுப்பறைக்கு மெஷின் வாங்கும்போதே ஐந்து வருட வாரண்டி, புகார் சொல்ல ஒரு இணையதளம், நேரத்துக்குச் சரி செய்யாவிட்டால் கம்பெனிக்கு அபராதம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2018ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் குழுக்கள். லேபைப் பார்த்துக்கொள்வதில் பிள்ளைகளுக்கும் பங்கு. பூட்டி வைக்கும் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் 1998லிருந்து இ-ரேட் என்று ஒன்று ஓடுகிறது. அது கம்ப்யூட்டரே வாங்கித் தருவதில்லை. பள்ளியின் இணைய இணைப்புச் செலவில் 20 முதல் 90 சதவீதம் வரை தள்ளுபடி. ஏழைப் பிள்ளைகள் அதிகம் இருந்தால் தள்ளுபடியும் அதிகம். வருடா வருடம் வரும் செலவுக்கு வருடா வருடம் பணம். பள்ளியும் கொஞ்சம் கைக்காசு போடுவதால் வேண்டாததை வாங்காது. நான் இருக்கும் நாட்டில் 1981ல் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர், பாதி விலை அரசு தரும் என்று ஆரம்பித்தார்கள். இவர்களும் பணத்தைக் கொட்டி வீணடித்த கதைகள் நிறைய. ஆனால் என் மகள் பள்ளியில் ஒரு டெக்னீஷியன் இருக்கிறார். ஏதாவது ரிப்பேர் என்றால் அவர் வருகிறார். அவ்வளவு சாதாரண விஷயம்.

"ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு டெக்னீஷியனா? நடக்கிற காரியமா?" என்பீர்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டாம். பதினைந்து பள்ளிக்கு ஒருவர் போதும். பள்ளிக்கு வருடம் 25,000 என்று ஒதுக்கினால் பதினைந்து பள்ளிக்கு 3,75,000. மாதம் 31,250. இருபதாயிரம் சம்பளம், மிச்சம் பேட்டரிக்கும் உதிரிக்கும். ஆளுக்கு எங்கே போவது? காலையில் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த பையன்களும் பெண்களும் இருட்டோடு ரயிலேறி பெங்களூர் போகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அங்கே யாரோ ஒருவர் ஆபீஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவர்கள். நம் பிள்ளைகளின் மெஷினைப் பார்த்துக்கொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, ஐந்து வருடக் கெடுவை எடுத்துவிட்டு, சின்னத் தொகையாக இருந்தாலும் வருடா வருடம் தொடர்ந்து கொடுங்கள். மெஷினைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. இரண்டு, உடைந்தது, தேய்ந்தது என்று வருடம் பத்தில் ஒரு பங்கைத் தலைமையாசிரியரும் எஸ்.டி.எம்.சி.யும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ரைட் ஆஃப் பண்ண அதிகாரம் கொடுங்கள். மூன்று, எண்ணும் முறையை மாற்றுங்கள். 2024-25 யுடைஸ் அறிக்கைப்படி கம்ப்யூட்டர் வசதி உள்ள பள்ளிகள் 64.7 சதவீதம். முந்தைய வருடம் 57.2. நல்ல ஏற்றம், சந்தோஷம். ஆனால் ஒரு பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் கீபோர்டைத் தொட்டது என்பதை அந்தச் சதவீதத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. வடோதராவில் பலன் தந்தது இரண்டு மணி நேரம். அதை எண்ணுங்கள்.

இது எங்கள் ஊருக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா இருவரும் ரயிலேறிப் போய்விடும் வீடுகள் அதிகம். வீட்டில் இருக்கும் ஒரே ஃபோன் அப்பாவோடு பெங்களூர் போய்விடும். பிள்ளைக்குத் தொட்டுப் பார்க்க உள்ள ஒரே கம்ப்யூட்டர் பள்ளியில் இருப்பதுதான். அதிலும் தமிழ் மீடியம் பிள்ளைக்கு இன்னொரு சிக்கல். அக்கா பள்ளிக்கு லேபோடு வந்த சி.டி.க்கள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான். ஆனால் இன்று தமிழ்நாட்டுப் பக்கம் தமிழில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. 2018லிருந்து புத்தகத்திலேயே க்யூஆர் கோடு, 2019லிருந்து கல்வித் தொலைக்காட்சி. பாடத்திட்டம் வேறுதான், பின்னம் எல்லா மாநிலத்திலும் பின்னம்தானே. ஓடுகிற ஒரு மெஷினும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தால் பத்து பைசா செலவில்லாமல் அதெல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்.

இனி எங்கள் 1,80,000. சிநேகிதர்களே, என் பிரபோசல் இதுதான். 36,000க்குப் பேட்டரி. மீதி 1,44,000ல் ஒரு உள்ளூர் ஆளைப் பகுதி நேரமாக மாதம் 6,000 சம்பளத்துக்கு, இரண்டு வருடம். பழைய மெஷின்களில் ஓடும் அளவுக்கு லினக்ஸ் போட்டு, தேறாததை ஒதுக்கி, வாரம் இத்தனை மணி நேரம் எந்த வகுப்பு உட்கார்ந்தது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். எதுவும் உடைந்தால் நம் பணத்தில் மாற்றித் தருகிறோம் என்று அக்காவுக்கும் ஹெச்.எம்.முக்கும் எழுதிக் கொடுப்போம். சாவி கைப்பையை விட்டு வெளியே வரட்டும்.

"ரெண்டு வருஷம் கழிச்சு என்னடா பண்ணுவ?" என்று குழுவில் ஒருத்தன் உடனே கேட்டான். நியாயமான கேள்வி. நான் அரசாங்கத்தைக் கேட்கும் அதே கேள்வியை என்னிடமே திருப்பிவிட்டான். முழுப் பதில் என்னிடம் இல்லை. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எஸ்.டி.எம்.சி. பி.இ.ஓ. ஆபீஸுக்குப் போய் நிற்கலாம், வெறுங்கையோடு போவதைவிட அது மேல். நாமும் ஒரே தடவை பெரிய தொகை கொடுப்பதை விட்டு, ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்று மாறலாம். முப்பது பேர் கொடுத்தால் அந்த 6,000 வந்துவிடுகிறது. மாதா மாதம் கொடுப்பது கஷ்டம், போட்டோ எடுக்கவும் ஒன்றும் இருக்காது. தெரியும். ஆனால் நாம் செய்ய மாட்டோம் என்றால், அரசாங்கம் செய்யவில்லை என்று பேசுவதில் அர்த்தமில்லை.

குழுவில் இதுவரை என் பக்கம் பதினொரு பேர், ஸ்மார்ட் போர்டு பக்கம் பதினாறு பேர். அக்கா ரிட்டயர் ஆவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். அடுத்து சாவி வாங்கப் போகிறவருக்கு எங்களைத் தெரியாது.

பி.கு: பலகை மாட்டியே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு, பேட்டரி மேல் ஒட்டிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. :-)